சர்க்கரை அளக்கும் வாட்ச்சை நம்பி இன்சுலின் போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறார். விரலில் குத்திக் குத்தி அலுத்துப்போய், ஒளியாலேயே சர்க்கரை அளக்கும் என்று விற்கும் வாட்ச் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உண்மையில் 60 இருக்கும்போது வாட்ச் 220 என்று காட்டி, அதை நம்பி அவர் இன்சுலின் போட்டுக்கொண்டால் நினைவிழந்து விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

"ஆக்சிமீட்டர் ஒளியால்தானே ஆக்சிஜனை அளக்கிறது?" என்று அப்பா கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாத ஹீமோகுளோபினும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சும். 100 மில்லி ரத்தத்தில் அது ஏறக்குறைய 14 கிராம் இருப்பதால் கருவிக்கு எளிதில் சிக்குகிறது. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையையும் இப்படித் தோல்மேல் ஒளி பாய்ச்சிப் பார்க்கிறோம். காமாலையில் தோலை மஞ்சளாக்கும் பிலிரூபினுக்கும் நிறம் உண்டு.

குளுக்கோஸுக்கு நிறமே இல்லை. அதே 100 மில்லியில் இருப்பதும் 100 மில்லிகிராம் அளவுதான், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அகச்சிவப்பு ஒளியில் அது விடும் மெல்லிய தடயத்தைத் தண்ணீரும் புரதமும் கொழுப்பும் மூடிவிடுகின்றன. போதாததற்கு வியர்வை, தோலின் சூடு, வாட்ச் பட்டையின் இறுக்கம் எல்லாம் அளவைக் குழப்பும். பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது, வெற்றி பெற வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க, கையில் ஒட்டும் சிஜிஎம் சென்சார் வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் உள்ள திரவத்தில் சர்க்கரையை அளக்கும். அந்த அளவு ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது ஒத்துவருமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

அதுவரை விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தட்டும், விரலையும் மாற்றி மாற்றி. வலி நன்றாகவே குறையும். அப்புறம், வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் வாட்ச்சைப் பார்க்க வேண்டாம். உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தாலோ மீட்டர் கைவசம் இல்லாவிட்டாலோ 15 கிராம் சர்க்கரை சாப்பிடட்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.