ஜோர்டன் கார்டு: அசலா, போலியா?

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் பழைய சேகரிப்பு கார்டு 4,000 ரூபாய்க்கு வந்தால், போலியென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளீர் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ஜோர்டனின் 57ஆம் எண் கார்டை வெறும் அந்த விலைக்கு விவரம் தெரிந்த யாரும் விற்கமாட்டார்கள்.

பெரும்பாலும் அசலை ஸ்கேன் செய்து திரும்ப அச்சடித்திருப்பார்கள். ஒரு லென்ஸ் எடுங்கள். படத்தை விடுங்கள், அதில் எப்படியும் புள்ளிகள் இருக்கும். கறுப்புக் கோடுகளையும் எழுத்துகளையும் பாருங்கள். அசலில் மை கெட்டியாக, ஒரே சீராக நிற்கும். ஸ்கேன் நகலில் அதுவும் பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைந்திருக்கும்.

அப்புறம், அதே 132 கார்டு செட்டில் மலிவான வேறு ஆட்டக்காரர் கார்டு ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ப்பவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

லென்ஸில் தேறினாலும் அசல் என்று முடிவாகாது. கார்டுகளைச் சோதித்துத் தரம் குறிக்கும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வந்தாலும், அதிலுள்ள சான்று எண்ணை அவர்கள் தளத்தில் சரிபாருங்கள். டப்பாவிலும் போலி உண்டு.