அறிக்கை சரியாக வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

கேள்வி: என் வயது 38. மும்பை செம்பூரில் வசிக்கிறேன். அம்மா 52 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். மாட்டுங்காவில் இருக்கும் சித்திக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. நான் ஆண்டுதோறும் சிஏ 125 (சினைப்பைப் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்கிறேன். சென்ற ஆண்டு மாதவிலக்கின்போது சிஏ 125 அளவு 48 என்று வந்து தூக்கம் போயிற்று, மறுமாதம் 19. இப்படியே தொடர்ந்தால் போதுமா?

பதில்: போதாது. உங்களுக்கு வந்த 48-உம் 19-உமே இந்தப் பரிசோதனையின் இயல்பைக் காட்டிவிடுகின்றன. வழக்கமான வரம்பு 35. மாதவிலக்கு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), கருப்பைக் கட்டி, நம் நாட்டில் வயிற்றுக் காசநோய்கூட அதைத் தாண்ட வைக்கும். மாறாக, ஆரம்பநிலைப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அது உயர்வதே இல்லை. ஸ்கேனும் அப்படித்தான்: தீவிரமான வகை பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கி, கட்டியாகத் தென்படும் முன்பே வயிற்றுக்குள் பரவிவிடக்கூடும்.

பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. பரிசோதனையால் சில புற்றுநோய்கள் முன்கூட்டியே தெரிந்தும் இறப்புகள் குறையவில்லை. அவர்கள் சாதாரண அபாயமுள்ளவர்கள். அபாயம் மிகுந்த பெண்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்துப் பார்த்தபோதும், உயிர் காக்கப்படுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

எனவே நீங்கள் கேட்க வேண்டியது, அம்மாவுக்கும் சித்திக்கும் நோய் வந்தது பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தாலா என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனை பற்றி. நோய் வந்தவரிடமிருந்து தொடங்குவதே சரி என்பதால் முதலில் சித்தி இரத்தம் கொடுக்கட்டும். கேட்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் சித்தியின் பிள்ளைகளுக்கும் அதில் பயனுண்டு. பரேல் டாடா நினைவு மருத்துவமனையில் இதற்கான மரபியல் ஆலோசனை உண்டு. அதில் முக்கியமாகப் பார்ப்பது பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற இரு மரபணுக்களை; அவற்றில் மாற்றமிருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும். பிஆர்சிஏ 1 மரபணுவில் மாற்றமுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேருக்கும், பிஆர்சிஏ 2 என்றால் 17 பேருக்கும் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரலாம் எனக் கணித்திருக்கிறார்கள்.

மாற்றம் உங்களுக்கும் இருந்தால், குழந்தைப்பேறு முடிந்தபின், முதல் வகைக்கு 35–40 வயதிலும் இரண்டாம் வகைக்கு 40–45 வயதிலும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றுவதே பரிந்துரைக்கப்படுகிறது. அது அபாயத்தை ஏறத்தாழ 80 சதவீதம் குறைக்கும், முழுதாக நீக்காது. மாதவிடாய் உடனே நின்று திடீர் உடல் சூடும் எலும்புத் தேய்வும் வரலாம் என்பதால், ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்று முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

வயிற்று உப்புசமோ, சிறிது உண்டதுமே வயிறு நிறைவதோ சில வாரங்கள் நீடித்தால் ஆண்டுப் பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள். ஆலோசனைக்குப் போகும்போது அம்மாவின் பழைய பயாப்ஸி அறிக்கை வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்; உங்கள் ஸ்கேன் கோப்பைவிட அந்த ஒரு தாள் அவர்களுக்கு அதிகம் சொல்லும்.