பதில்: பாராங் கத்தி விற்றவர் மீது வழக்கு வருமா?

அண்ணே, ஜெலுத்தோங்கில் உங்கள் ஹார்ட்வேர் கடையில் பாராங் வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிவிட்டார், போலீஸ் வந்து பில் கேட்டது என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்கே வழக்கு வராதாமே என்றும் கேட்டீர்கள்.

அது பாதிதான் உண்மை. 2005-இல் வந்த அவர்களுடைய சட்டம், முறைப்படி விற்ற கடைக்காரரைப் பெரும்பாலும் காப்பாற்றும். ஆபத்து என்று தெரிந்தே விற்றால் காப்பாற்றாது. மிசூரியில் ஒரு தாய், மனநோயுள்ள தன் மகளுக்குத் துப்பாக்கி விற்காதீர்கள் என்று கடைக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். மகளின் பெயரையும் சொன்னார். அப்படியும் கடை விற்றது. அன்றே மகள் தன் அப்பாவைச் சுட்டுக் கொன்றாள். 2016-இல் கடை 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. அந்தப் போனை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

நம் மலேசியாவிலும் கவனக்குறைவு வழக்கில் முக்கியமான கேள்வி இதுதான்: விற்கும்போது உங்களுக்கு என்ன தெரியும்? இளநீர் சீவவும் புதர் வெட்டவும் தினமும் போகிற சாமான் அது. வந்தவர் "அவனை வெட்டப் போறேன்" என்று சொல்லாதவரை, வழக்குப் போட்டாலும் நிற்பது கஷ்டம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. சிசிடிவி பதிவு தானாக அழிவதற்குள் தனியாக எடுத்து வையுங்கள். கவுண்டரில் நின்ற பையன் என்ன கேட்டான், என்ன பார்த்தான் என்பதை இன்றே எழுதி வாங்குங்கள். வாக்குமூலம் கொடுக்குமுன் ஒரு வக்கீலைப் பாருங்கள். அப்புறம், காயப்பட்டவரை ஆஸ்பத்திரியில் பார்க்க மனசிருந்தால் தாராளமாகப் போங்கள். பணப் பேச்சு மட்டும் எடுக்காதீர்கள்.