ஆயாவின் கொசுவத்தியை யாருக்காக நிறுத்தினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 26. சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. கடலூரில் அம்மா, அப்பா, 74 வயது ஆயாவோடு இருக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் சென்னையில் ஒருவரிடம் மூன்று எம்பரர் தேள்கள் வாங்கினேன். பாதி மாதச் சம்பளம் போனது. மூன்றையும் ஒன்றரை அடி நீளக் கண்ணாடித் தொட்டியில் ஒன்றாக வைத்திருக்கிறேன். இதுவரை சண்டை இல்லை. போன வாரம் பார்த்தால் சின்னதற்கு ஒரு கால் இல்லை. இவற்றை ஒன்றாக வளர்க்கலாமா? எந்த அளவுத் தொட்டி சரி? நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தால் போதுமா? ஒரு பெண் தேள் மலிவாக வருகிறது, நான்காவதாகச் சேர்க்கலாமா? தொட்டி என் அறையில் இருக்கிறது, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். கொசுவத்தி தேளுக்கு ஆகாது என்று படித்தேன். ஆயா அந்த அறையில்தான் தரையில் பாய் போட்டுப் படுப்பார். புகை உன் மூச்சுக்கு நல்லதில்லை என்று அவரிடம் சொல்லி கொசுவத்தியை நிறுத்திவிட்டேன். மற்றபடி வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை.
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: தம்பி, தேளைப் பற்றி நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஆயாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசாமல் என்னால் தொட்டிக்குப் போக முடியாது.

நீங்கள் படித்தது சரிதான். கொசுவத்தியில் இருக்கும் பைரெத்ராய்டு மருந்து கொசுவோடு நிற்காது. பூச்சி, சிலந்தி, தேள் என்று எல்லாவற்றின் நரம்பையும் தாக்கும். பிளக்கில் செருகும் திரவமும் அப்படித்தான். ஆயாவிடம் நீங்கள் சொன்னதிலும் தப்பில்லை, மூடிய அறையில் அந்தப் புகை யாருக்குமே நல்லதில்லை. ஆனால் எட்டு மாதத்துக்கு முன்பும் அதே புகைதானே, அதே மூச்சுதானே? அப்போது வராத அக்கறை தேள் வந்ததும் வந்திருக்கிறது. தேளுக்கு வயிற்றின் அடியில் நான்கு ஜோடி நுரையீரல் உண்டு. அந்த எட்டைக் காப்பாற்ற ஆயாவின் இரண்டைச் சாக்காகச் சொல்லியிருக்கிறீர்கள். பேரன் தன் உடம்பைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறான் என்று அந்த அம்மாள் பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார்.

சரி, கொசுவத்திக்குப் பதிலாக என்ன செய்து கொடுத்தீர்கள்? வலை கட்டினீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. மழைக்காலம் முடிந்த கடலூரில் கொசு எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு நைட் ஷிஃப்ட் உள்ள நாட்களில், துணி மூடிய ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் அவர் தனியாகப் படுத்துக் கொசு அடித்துக்கொண்டிருக்கிறார். இதை எழுதிவிட்டு, பிரச்சினை எதுவும் இல்லை என்று முடிக்கிறீர்கள்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. மொட்டைமாடியில் நாயை ஒளித்து வைத்தவர், பீரோவுக்குப் பின்னால் பாம்பு வளர்த்தவர் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் கூண்டு எத்தனை அடி என்றுதான் கேட்பார்கள். வீட்டில் யாரிடம் சொல்லவில்லை என்பது கடைசி வரியில்தான் வரும்.

எம்பரர் தேள் கொட்டினால் தேனீ கொட்டியது போலத்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒவ்வாமை இல்லாதவருக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான், ஒப்புக்கொள்கிறேன். நான் பயப்படுவது சிமென்ட் தரைக்கு. 20 சென்டிமீட்டர் வரை வளரும் கறுப்புத் தேள் ஒன்று விடியற்காலை மூன்று மணிக்குப் பாய் ஓரம் நடந்தால், பாத்ரூம் போக எழுந்த 74 வயது மனுஷி என்ன செய்வார்? பதறுவார், கால் இடறும், விழுவார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் பக்கத்தில் செந்தேள் உண்டு. செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், ஓலைக்கூரை, சுவர் விரிசல் என்று எங்கும் பதுங்கும். உங்கள் தேளோடு ஒப்பிட்டால் பொடிசு, முன்னால் இருக்கும் இடுக்கி மெலிசாக இருக்கும், ஆனால் விஷம் இதயத்தைத் தாக்கும். கொட்டுப்பட்டவருக்கு வேர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கைகால் சில்லிட்டுப் போகும். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோசின் மாத்திரையால் இந்த விஷத்தில் சாகிறவர்களைக் காப்பாற்ற முடியும் என்று 1980களில் காட்டினார். ஆனால் அந்த மாத்திரை சீக்கிரம் உள்ளே போக வேண்டும். நாளை உங்கள் அறையில் ஆயாவைச் செந்தேள் கொட்டினால், நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நம்முடையதுதான் வெளியே வந்துவிட்டது, ஒன்றும் ஆகாது, விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று. ஒளித்து வைத்தவன் புத்தி அப்படித்தான் போகும். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம் அதில் கழிந்துவிடும்.

அப்புறம் அந்த "என் அறை". ஆயா படுக்கிற அறை எப்போது உங்கள் அறை ஆனது? நான் பழைய ஆள், மறைக்க மாட்டேன். ஒரு வீட்டில் முதலில் ஒதுக்க வேண்டியது வயதானவர் தலைசாய்க்கும் இடம். அது போக மிச்சம் இருப்பதில்தான் பேரனின் ஆசைகளுக்கு இடம். சம்பாதிக்கிறவன் என்பதால் இந்த வரிசை மாறாது. தேளுக்குப் பாதி மாதச் சம்பளம் கொடுத்த கை, ஆயாவுக்கு ஒரு கட்டில் வாங்கவில்லை.

இந்த வாரமே உயரம் குறைந்த ஒரு கட்டிலும் கொசுவலையும் வாங்குங்கள். சுவரை ஒட்டிக் கட்டிலைப் போடாமல், வலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகி விடுங்கள். கொசுவுக்கும் ஆகும், செந்தேளுக்கும் ஆகும். பிறகு பகல் வெளிச்சத்தில் ஆயாவை உட்கார வைத்து, துணியை எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். கொசுவத்தியை ஏன் நிறுத்தினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுதான் கஷ்டம். தேளைப் பார்த்து அவர் மிரளுவார் என்று நினைக்காதீர்கள். அந்தத் தலைமுறை நட்டுவாக்காலியை விளக்குமாற்றால் சாத்திவிட்டுச் சமைக்கப் போன தலைமுறை. அவருக்குக் கோபம் வந்தால் அது பொய்க்காக வரும். வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா அப்பாவுக்கும் அன்றைக்கே தெரிய வேண்டும்.

இனி தேள். எம்பரர் தேள் கானா, டோகோ, நைஜீரியா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் காட்டுத் தேள். தாயும் வளர்ந்த குட்டிகளும் ஒரே வளையில், கறையான் புற்றில் சேர்ந்து கிடப்பதுண்டு. அதை வைத்துத்தான் இது கூட்டமாக வாழும் என்று சொல்லி விற்கிறார்கள். உங்கள் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா? அளவும் வேறு வேறு. எட்டு மாதம் சண்டை இல்லை என்கிறீர்கள். விழுப்புரம் பாசஞ்சரில் நெருக்கி உட்கார்ந்து வருகிறவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களா? போக வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

சின்னதன் கால் போனது பெரும்பாலும் தோல் உரிக்கும்போது நடந்திருக்கும். வளரும் தேள் பலமுறை சட்டை கழற்றும். கழற்றிய கொஞ்ச நாளைக்கு வெளுத்து, மெத்தென்று, ஓடவும் முடியாமல் கிடக்கும். அந்த நேரத்தில் பசித்த பெரிய தேள் பக்கத்தில் இருந்தால் தின்னும். தின்னாமல் விட்ட பூச்சி ஒன்று தொட்டியில் கிடந்தால் அதுவே கடிக்கும். இந்த முறை கால் போனது, அடுத்த முறை தேளே இருக்காது. மூன்றையும் இன்றைக்கே பிரியுங்கள்.

தடுப்பு வேண்டாம். எம்பரர் தோண்டும் தேள், கண்ணாடிக்கு அடியில் வழி பண்ணிக்கொள்ளும். வழவழப்பான கண்ணாடியில் ஏறாது, ஆனால் மூலையில் இருக்கும் சிலிக்கான் ஒட்டில் கால் பிடித்து ஏறும். இப்போதைய ஒன்றரை அடித் தொட்டி ஒரு தேளுக்குச் சரியான அளவு. மற்ற இரண்டுக்கும் அதே நீள அகலத்தில் கிளிப் மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, மேல்பக்கமும் பக்கவாட்டிலும் சின்னச் சின்ன ஓட்டை போட்டால் போதும். தரைப்பரப்புதான் முக்கியம், உயரம் கூடாது. கனத்த உடம்பு, உயரத்திலிருந்து விழுந்தால் கிழிந்துவிடும்.

அடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் தேங்காய் நார்க்கழிவு. அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. முந்திரித் தோப்பு மண்ணை அள்ளி வந்து போடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். பதுங்க ஒரு நாட்டு ஓடு உடைத்து வையுங்கள். தண்ணீருக்கு ஆழமில்லாத ஒரு மூடி. சூடேற்றும் விளக்கு குளிர் நாட்டுக்காரர்களுக்கு, நமக்கு எதற்கு? சித்திரை வைகாசி வெயிலில் பெட்டி காய்ந்துவிடாமல், வெந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. துணியை எடுத்துவிடுங்கள். கடற்கரை ஊர்க் காற்றிலேயே ஈரம் இருக்கிறது, அதில் துணியும் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை இரை போதும். வீட்டுக் கரப்பான் வேண்டாம், அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ.

பெட்டிகள் ஆயா படுக்கும் அறையில் இருக்கக் கூடாது. வேறு அறையில், பூட்டுப் போட்ட அலமாரியில், காற்று போக வழி விட்டு வையுங்கள். அப்படி ஓர் அறை வீட்டில் இல்லை என்றால் தேள்தான் வெளியே போக வேண்டும். ஒரு புற ஊதா டார்ச் வாங்கி தினமும் இரவில் எண்ணுங்கள். அந்த ஒளியில் தேள் பச்சையாக மின்னும். ஆயாவின் கட்டிலைச் சுற்றியும் அதையே ஒருமுறை அடித்துப் பாருங்கள், செந்தேளும் மின்னும்.

வாங்கியபோது ரசீது தந்தார்களா? எம்பரர் தேள், காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் வந்த திருத்தமும் 2024இன் விதிகளும் சொல்வது, இப்படிப்பட்ட உயிரை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று. புதிதாக வாங்கினால் அதற்கு 30 நாள்தான் அவகாசம். உங்களுக்கு எட்டு மாதம் ஓடிவிட்டது. இருக்கிற காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக வனத்துறை அலுவலகத்துக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். வளர்க்க வேண்டாம் என்று முடிவானாலும் அங்கேதான் போக வேண்டும். கேப்பர் மலைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற யோசனை வேண்டாம், அது இந்த மண்ணின் உயிர் இல்லை.

நான்காவது தேள் மலிவு என்கிறீர்கள். வளர்ந்த பெண் தேள் என்றால் வாங்கும்போதே சினையாக இருக்கலாம். சுமார் ஒன்பது மாதம் சுமந்து, முட்டையாக இடாமல் குட்டியாகவே போட்டு, பத்து இருபது குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொள்ளும். அத்தனைக்கும் தனித்தனிப் பெட்டி, தனித்தனிக் கணக்கு. மூன்றையே துணி போட்டு மூட வேண்டியிருந்த வீட்டில் நான்காவது வேண்டாம்.