கேள்வி – பதில்: ஊவே பொல் எடுத்த ஒரு நல்ல படம்

கேள்வி: உலகத்திலேயே மோசமான இயக்குநர் என்று கேலி செய்யப்படுபவர் ஊவே பொல். அவர் எடுத்த ‘ராம்பேஜ்’ படத்தைப் பார்க்கும்படி என் மகன் வற்புறுத்தினான். சிரிக்கலாம் என்று உட்கார்ந்த நான் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. இது எப்படி நேர்ந்தது?
(ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: நானும் கேலி செய்யும் எண்ணத்தோடுதான் அந்தப் படத்தின் முன் உட்கார்ந்தேன். அப்படி எண்ணியதில் தவறில்லை. ஜெர்மானியரான பொல் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை அவருடைய படங்களைப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது. 2003இல் ‘ஹவுஸ் ஆஃப் தி டெட்’, 2005இல் ‘அலோன் இன் தி டார்க்’ என்று வீடியோ விளையாட்டுகளை வரிசையாகப் படமாக்கி, ஒவ்வொன்றிலும் முன்னதைவிட அதிகமாகத் திட்டு வாங்கினார். அப்படியும் அவருக்குப் பணம் கிடைத்துக்கொண்டிருந்ததற்கு ஜெர்மனியின் அன்றைய வரிச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். திரைப்பட நிதியத்தில் போட்ட முதலை வருமானத்திலிருந்து கழித்துக் கணக்குக் காட்டலாம் என்பதால், படம் ஓடாவிட்டாலும் முதலீட்டாளர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2006இல் தம்மைக் கடுமையாக எழுதிய விமர்சகர்களைக் குத்துச்சண்டைக்கு அழைத்து, மேடையிலேயே அடித்து வீழ்த்தினார். (அத்தகைய அழைப்பு எனக்கு வராததில் மகிழ்ச்சியே.) 2009இல், மோசமான படங்களைக் கேலி செய்து விருது தரும் ராஸி விருதுக் குழு அவருக்கு மோசமான வாழ்நாள் சாதனைக்கான விருதை அளித்தது. ‘ராம்பேஜ்’ திரைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்தப் படத்தில் பூதங்களும் இல்லை, வாட்போரும் இல்லை. அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பெற்றோருடன் வசிக்கும் பில் வில்லியம்சன் என்ற 23 வயது இளைஞன், தனியாகப் போய்ப் பிழைத்துக்கொள் என்று வீட்டில் சொல்லிவிட்டதையும், காபிக் கடையில் நேர்ந்த அற்பத் தகராறையும், உலகம் கெட்டுவிட்டது என்று நண்பன் ஓயாமல் பேசுவதையும் கேட்டுக்கொண்டபடியே, தன் அறையில் உடல் முழுவதையும் மூடும் குண்டு துளைக்காத கவசம் ஒன்றை உருவாக்குகிறான். எழுதிய வசனத்தை ஒப்பிக்கச் சொல்லாமல், காட்சியின் போக்கைச் சொல்லி நடிகர்களையே பேச விட்டிருக்கிறார் பொல். வசனம் எழுதுவதில் அவருக்கிருந்த பலவீனம் அதனால் மறைந்தது. சாப்பாட்டு மேசையில் மகனும் பெற்றோரும் பேசிக்கொள்வது உண்மையான வீட்டுப் பேச்சாகவே ஒலிக்கிறது. கையில் பிடித்த கேமராவின் ஆட்டமும் இங்கே பொருத்தமாக அமைந்துவிட்டது. பில்லாக நடித்த பிரெண்டன் பிளெட்சருக்குப் பாதிப் பெருமை சேரும்.

எனக்கு மறக்காத காட்சி, தெருவில் பலரைச் சுட்டுவிட்டு அவன் பிங்கோ (அறிவிக்கப்படும் எண்களைச் சீட்டில் குறிக்கும் விளையாட்டு) ஆடும் கூடத்துக்குள் நுழைவது. கவசமும் துப்பாக்கியுமாக நடுவில் நிற்கும் அவனை, எண்களைக் குறித்துக்கொண்டிருக்கும் முதியவர்கள் பொருட்படுத்துவதே இல்லை. அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒருவரையும் தொடாமல் வெளியேறுகிறான். சிரிப்பதா அஞ்சுவதா என்று தெரியாத அந்தச் சில நிமிடங்களைத் தேர்ந்த இயக்குநர்கள்கூட எளிதில் எடுத்துவிட முடியாது.

கேள்வி: கொலைகாரனைக் கதையின் நடுவில் நிறுத்தி இத்தனை இரத்தம் காட்டுவது, வன்முறையைப் போற்றுவதாகாதா?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லலாம், முடிவைச் சொல்லாமல் இதற்கு விடை கூற முடியாது. மக்கள்தொகை பெருகிவிட்டது, யாராவது குறைக்க வேண்டும் என்பது அவன் கூறும் நியாயம். ஆனால் அதே நாளில் அவன் வங்கியையும் கொள்ளையடிக்கிறான். அந்தப் பேச்சையெல்லாம் பேசிய நண்பனையே கொன்று, நண்பன் தற்கொலை செய்துகொண்டதுபோல் காட்டிப் பழியை அந்த நண்பன் மீதே போட்டுவிடுகிறான். ஆகவே தத்துவம் அவனுக்கு ஒரு போர்வை மட்டுமே என்பதைக் கதையே காட்டிக்கொடுக்கிறது. துயரமான இளமைப்பருவம் என்று எதையும் சொல்லி இரக்கம் தேடாததையும் நான் பாராட்டுவேன். எனினும் கடைசிச் சொல்லை அவனுக்கே கொடுத்திருப்பது குறைதான். 2014இலும் 2016இலும் வந்த தொடர்ச்சிகளில் அந்தக் குறையே படமாகிவிட்டது. பில் கேமராவைப் பார்த்துப் பிரசங்கம் செய்கிறான், பேசுவது பாத்திரமா இயக்குநரா என்று பிரித்தறிய முடியவில்லை. போற்றுதல் என்ற உங்கள் குற்றச்சாட்டை அவற்றின் மீது வைத்தால் நான் மறுக்க மாட்டேன்.

கேள்வி: அவருடைய வேறு படங்களைத் தேடிப் பார்க்கலாமா?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சூடானின் டார்ஃபர் பகுதியில் நடந்த படுகொலைகளைப் பற்றிய, 2009ஆம் ஆண்டின் ‘டார்ஃபர்’ படத்தைப் பார்க்கலாம், மனத்திடம் வேண்டும். ‘ராம்பேஜ்’ படத்தைத் தேடும்போது மட்டும் கவனமாக இருங்கள். 2018இல் அதே பெயரில் டுவைன் ஜான்சனும் ராட்சத கொரில்லாவும் வரும் படம் ஒன்று உண்டு; குழந்தைகள் அருகிலிருந்தால் அதையே போட்டுவிடுங்கள்.