மகள் வரைவது காதலும் கல்யாணமும்: கவின்கலை படிக்க அனுப்பலாமா?

சேலத்தில் பிளஸ் டூ படிக்கும் மகள், ஓவியம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். அவள் நோட்டைப் புரட்டினால் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு நிற்கும் பெண், ஜாதகக் கட்டம், கூடத்தில் உட்கார்ந்து குலம் கோத்திரம் விசாரிக்கும் பெரியவர், ஏற்காடு ஏரிக்கரையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஜோடி. பெற்றோருக்கு இரண்டு பயம் ஒரே நேரத்தில் வருகிறது: இது சோறு போடுமா, சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் எதற்கும் விடை கிடைக்காது. பிழைப்புக் கேள்விக்குத் தேர்வு, கல்லூரி, வேலை என்று பதில் இருக்கிறது. பேச்சுக் கேள்விக்கு வீட்டுக்குள்ளேயே சில ஏற்பாடுகள் போதும். பெற்றோர் அதிகம் தவிப்பது இரண்டாவதில் என்பதால் அதை முதலில் பார்ப்போம்.

படத்தைச் சாட்சியமாக வாசிக்காதீர்கள். காதலை வரைகிறாள் என்பதால் காதலிக்கிறாள் என்று பொருளில்லை. பதினேழு வயதில், தன் கல்யாணத்தைப் பற்றி வீட்டில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு வளரும் பெண் அதைத்தான் வரைவாள். தறி வைத்திருக்கும் வீட்டுப் பெண் தறியை வரைவதைப் போலத்தான் இதுவும். நோட்டைக் கிழிப்பது, படத்தை போனில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு அபிப்பிராயம் கேட்பது, இந்த இரண்டும் நடந்த வீட்டில் பிள்ளை வரைவதை நிறுத்துவதில்லை, காட்டுவதை நிறுத்திவிடுகிறாள். கவனிக்க வேண்டியது வேறு. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது போன்ற படங்கள் திரும்பத் திரும்ப வந்து, கூடவே தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் அதை ஓவியப் பிரச்சினையாகப் பார்க்காமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

ஊர் வாய்க்கு அஞ்சும் அச்சம் நம் மொழியில் மிகப் பழையது. சங்க அகப்பாடல்களில் அதற்கு ‘அலர்’ என்று தனிச் சொல்லே உண்டு. தலைவி இருக்கிறாள், தோழி இருக்கிறாள், மகள் போன பிறகு புலம்பும் தாயும் செவிலி என்னும் வளர்ப்புத் தாயும் இருக்கிறார்கள். ஆனால் யாருக்கும் பெயர் கிடையாது. அகத்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வைத்த விதி. காதலை வரைகிற மாணவிக்கு இதைவிடப் பயன்படும் விதி வேறில்லை. அத்தை மகள் கல்யாணம் நின்றுபோன கதையை வரையலாம். அத்தை மகளின் முகமும், அவள் வீட்டு வாசல் கோலமும், அந்தத் தெருவின் பெயர்ப்பலகையும் அதில் இருக்கக் கூடாது. நண்பனையோ தோழியையோ வரைந்தால், வெளியே வைக்கும் முன் அவர்களிடம் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் அவர் வீட்டாரின் சம்மதமும் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடு இரண்டு நோட்டு. ஒன்று அவளுடையது, யாரும் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள். இன்னொன்று காட்டுவதற்கானது. கல்லூரிக்கும் கண்காட்சிக்கும் போவது இரண்டாவதிலிருந்து மட்டும். முதல் நோட்டில் இருக்கும் எந்தப் படம் இரண்டாவதுக்கு மாற வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். எதை மறைப்பது, எதை மாற்றி வரைவது என்று யோசிக்கும்போதுதான் புலம்பல் ஓவியமாகிறது.

கல்லூரிச் சேர்க்கை நேர்காணலில் தோற்கும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கண்ணீர் வடிக்கும் ஒற்றைக் கண், சங்கிலி கட்டிய கை, இரண்டாகக் கிழிந்த இதயம், வாயில் ஒட்டிய டேப், மேலே ஆங்கிலத்தில் ஒரு வாசகம். பின்டரெஸ்ட்டில் ஆயிரம் கிடைக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அதே படத்தை அன்று காலையிலிருந்து பலமுறை பார்த்திருப்பார்கள். கோபம் உண்மையாக இருக்கலாம், ஆனால் அவள் கண்ணால் பார்த்த எதுவும் அதில் இல்லை.

சேலத்துப் பிள்ளைக்குப் பார்க்கவா பஞ்சம்? கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறைகளிலும் வீடுகளிலும் கொலுசு வேலை நடக்கிறது. வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுத்து, கண்ணி கோத்து, பற்றவைத்து, சலங்கை சேர்த்து, மெருகேற்றும்வரை எத்தனையோ கைகள் மாறுகின்றன. அதில் பெண்களின் கைகள் நிறைய. பெண் வீட்டில் எந்த அறையில் இருக்கிறாள், எவ்வளவு வேகமாக நடக்கிறாள் என்பதைச் சத்தத்தாலேயே சொல்லிவிடும் நகை அது. ஆசையாகப் போட்டுக்கொள்வதும் அதைத்தான். இந்த ஒரு பொருளை வைத்து ஐந்து படம் கொண்ட ஒரு வரிசை செய்யலாம். பற்றவைக்கும் கைகள், பென்சிலில், உள்ளது உள்ளபடி அதே அளவில். கொக்கி மட்டும், பத்து மடங்கு பெரிதாக, நிழலோடு. கழற்றிய பின் கணுக்காலில் பதிந்திருக்கும் தடம், வாட்டர்கலரில். பரிசாக வந்து திறக்காமல் இருக்கும் ரோஸ் நிறக் காகிதப் பொட்டலம். கடைசியில், சத்தம் வராமல் இருக்கச் சலங்கைக்குள் பஞ்சு திணித்த ஒற்றைக் கொலுசு. அழும் முகம் ஒன்றுகூட இல்லை. காதல், வீடு, உழைப்பு, கண்காணிப்பு எல்லாம் வந்துவிட்டன. அம்மாபேட்டைத் தறியும், வ.உ.சி. மார்க்கெட்டில் முழம் போட்டு விற்கும் கல்யாண மாலையும், சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களின் இடுப்புக் கூடையும் இப்படியே கைகொடுக்கும்.

வரிசைக்கு 100 சொல்லுக்குள் ஒரு விளக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், தமிழில். ‘சமூகத்தின் அடக்குமுறைக்கு எதிரான என் குரல்’ என்று தொடங்கினால் அடித்துவிடுங்கள். ‘எங்கள் வீட்டில் யார் வருகிறார்கள் என்பதைக் கொலுசுச் சத்தத்தை வைத்தே பாட்டி சொல்லிவிடுவார்’ என்று தொடங்கினால் விட்டுவிடுங்கள். நேர்காணலில் கருத்தைவிட, ‘இந்த நிழலுக்கு ஏன் நீலம்?’, ‘இதை ஏன் ஓரத்தில் வைத்தாய்?’ போன்ற கேள்விகளே அவளைத் தடுமாற வைக்கும். அதற்குப் பதில் வேண்டும்.

கருத்து எவ்வளவு வலுவாக இருந்தாலும் கை வராவிட்டால் சீட் கிடைக்காது. இதில் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றுபோல ஏமாறுகிறார்கள். கல்லூரியில் காட்டும் படத் தொகுப்பில், அதாவது போர்ட்ஃபோலியோவில், 15 முதல் 20 படம் போதும். அதில் பாதியாவது எதிரே பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும். போன் படத்தைப் பார்த்து வரைந்தால் தெரிந்துவிடும். கிட்டே வைத்து எடுத்த முகத்தில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடியிருக்கும். நிழல்கள் ஓட்டைபோல் கறுத்திருக்கும். மாணவி அந்தத் தவறுகளையும் சேர்த்தே வரைந்திருப்பாள். பென்சிலுக்கு 150 முதல் 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள், வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம், அளவு ஏ3. பென்சில் எச்பி, 2பி, 4பி, 6பி போதும். 48 நிறப் பெட்டி வாங்கித் தராதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றோடு வெள்ளையும் ஒரு பழுப்பும் வைத்துக் கலக்கப் பழகினால்தான் தோலின் நிறம் வரும்.

பயிற்சி தினமும் ஒன்றரை மணி நேரம். முதல் இருபது நிமிடம் இரண்டு நிமிட வேகக் கோடுகள்: பழைய பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர்கள், மார்க்கெட்டில் பூக் கட்டுபவர்கள். பிறகு ஒரு மணி நேரம் ஒரே பொருள்: எவர்சில்வர் குடம், மடித்த துண்டு, கண்ணாடி டம்ளர். மிச்சம் பத்து நிமிடம் பார்த்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைவது. நிறைய பேர் இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடுகிறார்கள். தேர்வில் ‘திருவிழாக் கூட்டம்’, ‘ரயில் நிலையம்’ என்று தலைப்புக் கொடுத்தால் திணறுவதும் அவர்கள்தான்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். மழைக்காலத்திலும் பனியிலும் தாள் ஈரம் குடித்து நெளியும், வாட்டர்கலர் காயாமல் ஓரத்தில் கறை கட்டும், சில வாரத்தில் பழுப்புப் புள்ளி விழும். தாளைப் பலகையில் நான்கு பக்கமும் பேப்பர் டேப் ஒட்டி வரையுங்கள். முடிந்த படங்களை நடுவே டிரேசிங் பேப்பர் வைத்து, தட்டையாக, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் பஸ்ஸில் சுருட்டி எடுத்துப்போனால் போஸ்டர் கலர் வெடித்து உதிரும். கரித்துண்டுப் படத்துக்குக் கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்சேட்டிவ் ஸ்பிரே அடிக்காவிட்டால் மேலே இருக்கும் படத்தின் முதுகில் அது பாதி ஒட்டிவிடும்.

ஆன்லைனில் அனுப்பும் படங்களைக் காலை வெயில் நேரடியாக விழாத நிழலில், சுவரில் செங்குத்தாக ஒட்டி எடுங்கள். போனைத் தாளுக்கு நேராகப் பிடிக்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது. சாய்த்துப் பிடித்தால் சதுரம் சரிவகமாகிவிடும்.

இனி கல்லூரிகள். தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு அரசு கவின் கலைக் கல்லூரிகள்: சென்னை எழும்பூர் அருகே 1850இல் தொடங்கியது, கும்பகோணத்தில் 1887இல் தொடங்கியது. நான்காண்டு பி.எஃப்.ஏ. (இளங்கலைக் கவின்கலை) படிப்பு, பிளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் சரி, வரைதல் தேர்வு உண்டு. சென்னையில் ஓவியம், சிற்பத்தோடு செராமிக், நெசவு வடிவமைப்பு, அச்சுக்கலை, விஷுவல் கம்யூனிகேஷன் பிரிவுகளும் இருக்கின்றன. மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி மரபுக் கலைக்கானது. சிலையின் உறுப்புகளுக்கு விகிதம் வகுக்கும் தாள அளவும் சிற்ப சாஸ்திரமும் கற்க விரும்புகிறவர்களுக்கு அருமையான இடம், தன் காலத்துக் கேள்விகளை வரைய விரும்பும் மாணவிக்கு முதல் தேர்வாக இருக்காது. பக்கத்தில் புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடம். வெளி மாநிலத்துக்கு அனுப்ப மனமிருந்தால் குஜராத்தின் பரோடா, மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதன்.

வடிவமைப்புப் பக்கம் போவதென்றால் என்.ஐ.டி. எனும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு டாட், ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் படிப்புக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வுகள், ஆடை வடிவமைப்புக்கான நிஃப்டுக்குத் தனித் தேர்வு. இவற்றின் விண்ணப்பங்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்து ஒரு வருடத்தை இழப்பவர்கள் ஏராளம். யூசீட்டை அதிகபட்சம் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள்தான் எழுத முடியும். கவின்கலைக் கல்லூரி விண்ணப்பம் ரிசல்ட்டை ஒட்டி வரும். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே இ-சேவையில் வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு, மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. ஓவியமும் அதில் சேரும்.

வேலையைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். படம் விற்று மட்டும் வீடு நடத்துவது தொடக்க ஆண்டுகளில் மிகச் சிலருக்கே கைகூடும். அதனால் ஓவியத்தோடு சம்பளம் தரும் ஒரு கைத்தொழிலை இரண்டாம் ஆண்டிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். சேலத்துக்குப் பொருத்தமானது ஜவுளி வடிவமைப்பு. சேலம் பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் சேலைக்கு டிசைன் போடுபவருக்கு எப்போதும் வேலை இருக்கிறது. கோடு தெரிந்தவர், தறியில் பூ வேலை நெய்வதற்கான ஜக்கார்டு மென்பொருளையும் கற்றால் நல்லது. புத்தக ஓவியம், சினிமாக் கலைத்துறை, அனிமேஷன், பள்ளி ஓவிய ஆசிரியர், முதுகலையான எம்.எஃப்.ஏ.வுக்குப் பிறகு நெட் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் என்று வழிகள் உண்டு. காதலையும் ஊரார் பார்வையையும் வாழ்நாளெல்லாம் வரைந்த பரோடாவின் ஓவியர் பூபென் கக்கர் பட்டயக் கணக்காளர். பல ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். 1981இல் அவர் வரைந்த படத்தின் தலைப்பே ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்பதுதான். அது இன்று லண்டன் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

இந்த வாரம் செய்ய ஒன்று இருக்கிறது. முகம் வரைந்து பழக அவளுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் விழும்படி நாற்காலி போட்டு, நாற்பது நிமிடம் நீங்கள் உட்காருங்கள். இருபதாவது நிமிடத்தில் ஒரு இடைவெளி எடுக்கலாம். எழும் முன் கால் வைத்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டால் மறுபடி அதே மாதிரி உட்காரலாம். போனைப் பக்கத்து அறையில் வையுங்கள். முடிந்ததும் ‘என்னை மாதிரி இருக்கா?’ என்று கேட்காதீர்கள். எந்த இடம் வரையக் கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள்.