பழைய ஆங்கிலேய ஆவணங்களின் தேதியை எப்படிப் படிப்பது?

கேள்வி: இங்கிலாந்து வரலாறு பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். முதலாம் சார்லஸ் மன்னர் 1649 ஜனவரி 30 அன்று சிரச்சேதம் செய்யப்பட்டார் என்று நூல்கள் சொல்கின்றன. ஆனால் அவருடைய மரண ஆணையில் 1648 என்று இருக்கிறது. கடற்பயணக் குறிப்புகளிலோ ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதிகள். எதை எழுதுவது?

பதில்: ஆணையில் பிழை ஏதும் இல்லை. இடைக்காலத்திலிருந்து 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று, அதாவது மரியாளுக்குரிய மங்கள வார்த்தைத் திருநாளில். ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான நாட்களை நாம் புதிய ஆண்டில் சேர்க்கிறோம். அவர்கள் பழைய ஆண்டின் கடைசி நாட்களாக எண்ணினார்கள். முதலாம் எலிசபெத் இறந்த மார்ச் 24 இதற்கு நல்ல சான்று: லண்டன் எழுத்தருக்கு அது 1602ஆம் ஆண்டின் கடைசி நாள், 1600 முதலே ஜனவரி 1ஐ ஆண்டுப் பிறப்பாகக் கொண்டுவிட்ட ஸ்காட்லாந்தில் அது 1603.

நாட்களின் வேறுபாடு தனிக்கதை. போப்பாண்டவர் 1582இல் சீர்திருத்திய கிரெகோரியன் நாட்காட்டியை ஏற்காமல், இங்கிலாந்து 1752 வரை ஜூலியன் நாட்காட்டியிலேயே நின்றது. இடைவெளி 1700 பிப்ரவரி இறுதிவரை 10 நாட்கள், அதன்பின் 11. இதைக் கவனிக்காவிட்டால், 1688இல் நெதர்லாந்திலிருந்து நவம்பர் 11 அன்று கப்பலேறிய ஆரஞ்சு இளவரசர் வில்லியம், நவம்பர் 5 அன்றே இங்கிலாந்தின் டோர்பேயில் இறங்கிவிட்டதாகத் தோன்றும். புறப்பாட்டை ஆங்கிலக் கணக்குக்கு மாற்றினால் நவம்பர் 1 என்று வரும். நம் சென்னையும் இந்தச் சிக்கலில் அகப்பட்டது உண்டு. 1746இல் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை என்று அறிவிக்கப்பட்ட பிறகே இந்த இடைவெளி ஒழிந்தது.

சட்டங்களைப் படிக்கும்போது மன்னரின் ஆட்சியாண்டையும் பாருங்கள். இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பியது 1660இல்தான் என்றாலும், தந்தை கொல்லப்பட்ட நாளிலிருந்தே அவருடைய ஆட்சி எண்ணப்பட்டதால், அவ்வாண்டுச் சட்டங்கள் 12ஆம் ஆட்சியாண்டுக்குரியவை என்று குறிக்கப்பட்டிருக்கும்.

கப்பல் குறிப்பேடுதான் மிகுந்த கவனத்தைக் கேட்பது. சூரியன் உச்சியில் நிற்கும்போது கப்பல் இருக்கும் இடத்தைக் கணித்ததால், மாலுமிகளுக்கு நாள் நண்பகலில் தொடங்கியது. அதுவும் நிலத்து நாளைவிட 12 மணி நேரம் முன்னதாக. திங்கள் பிற்பகலில் நடந்தது குறிப்பேட்டில் செவ்வாய்க்கிழமைத் தேதியில் இருக்கும். 1770இல் ஒரே கப்பலில் சென்று பாட்டனி விரிகுடாவில் ஒரே பிற்பகலில் கரையிறங்கிய இருவரில், கேப்டன் குக் ஏப்ரல் 29 என்றும், நிலத்து வழக்கப்படி எழுதிய தாவரவியலாளர் பேங்க்ஸ் ஏப்ரல் 28 என்றும் குறித்தது இதனால்தான். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு ஆணையிட்டது 1805 அக்டோபரில், டிரஃபால்கர் போர் நடந்த அதே மாதத்தில்.

உங்கள் கட்டுரையில் ஆங்கிலேய நிகழ்ச்சிகளுக்கு அவர்கள் குறித்த நாளையே வைத்துக்கொண்டு, ஆண்டை மட்டும் ஜனவரி 1 முதல் எண்ணுங்கள். ஆய்வாளர் பெரும்பாலோர் செய்வதும் இதுவே. மேற்கோள் தரும் இடங்களில் மூலத்தைத் திருத்தாமல் 1648/49 என்று இரட்டை ஆண்டாக எழுதுங்கள். பிரெஞ்சு, டச்சு ஆவணங்களோடு ஒப்பிடும் இடங்களில் மட்டும் இரு தேதிகளையும் தந்து, எது பழைய முறை, எது புதிய முறை என்று குறித்துவிடுங்கள். குறிப்பேட்டுத் தேதியாக இருந்தால், நிகழ்ச்சி நண்பகலுக்கு முன்னா பின்னா என்று பார்க்காமல் ஒரு நாளைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். முற்பகல் நிகழ்ச்சிக்கு இரண்டு கணக்கிலும் தேதி ஒன்றுதான்.